பெயில் சோறு

செத்துப்போனவரைப் பற்றி யாராவது நாலு நல்ல வார்த்தை சொன்னால், வீட்டுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். நான் பார்த்த உலக வழக்கம் அதுதான். ரைட்டரம்மா ஒரு நாளும் அப்படித் தலையாட்டியதில்லை. தன் கணவரை யார் எந்த மேடையில் புகழ்ந்தாலும் முழுதும் பொறுமையாகக் கேட்பார். கேட்டு முடித்துவிட்டு, "அப்படி இல்லீங்க" என்று ஆரம்பிப்பார். ஏற்காட்டில் அந்த இரண்டு வார்த்தைக்குப் பயந்தே பல பேர் மைக்கைத் தொடாமல் இருந்தார்கள்.

அவருக்கென்று சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. ஊர் அதைப் புழங்கவில்லை, நானும் இங்கே புழங்கப்போவதில்லை. கணவர் வாழவந்தி போகிற வழியில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கணக்கு, கூலி, மழை அளவு எல்லாம் எழுதுகிற உத்தியோகம். அதனால் இவர் ரைட்டரம்மா. குட்டையான உருவம். வெயிலடித்தாலும் கழற்றாத ஒரு பழுப்பு ஸ்வெட்டர். அது ரைட்டருடையது, முழங்கை இரண்டும் நூல் பிரிந்து கிடக்கும். கோழியை விரட்டுவதும் மனிதரை விசாரிப்பதும் ஒரே குரலில்தான்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரு டுடோரியல் காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவன். டுடோரியல் என்றால் பெயிலானவர்களைப் பிடித்து மறுபடியும் பரீட்சைக்குத் தள்ளிவிடுகிற இடம். பி.எஸ்ஸி.யில் எனக்கே பௌதிகம் போயிருந்ததால் அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. எழுபதுகளின் கடைசியில் முதலாளி டுடோரியலை மூடிவிட்டுத் தியேட்டர் கட்டப் போனார். நான் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் லேப் அசிஸ்டெண்ட் வேலை கிடைத்து மலையேறினேன். குடியிருக்கக் கிடைத்தது ரைட்டர் வீட்டின் பக்கத்து போர்ஷன்.

ரைட்டர் எஸ்.எஸ்.எல்.சி. பெயில். அதைக் குறைவாக நினைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் அது ஒரு படிப்பு. அவர்களுடைய கல்யாணப் பத்திரிகையிலேயே மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்.எஸ்.எல்.சி. (பெயில்)' என்றுதான் அச்சடித்திருந்தார்களாம். எஸ்டேட் வேலைக்கு அதுவே தாராளம். ஆனால் மனிதருக்கு அந்த அடைப்புக்குறியை எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. மார்ச்சில் எழுதுவார், போய்விடும். அக்டோபரில் எழுதுவார், போய்விடும். பதினொன்றாம் வகுப்பில் இருந்த எஸ்.எஸ்.எல்.சி.யை அரசாங்கமே பத்தாம் வகுப்புக்கு இறக்கிக்கொண்டு வந்தது. அப்போதும் இவர் கைக்கு எட்டவில்லை.

அவரைக் கவிழ்த்தது எப்போதும் இங்கிலீஷ்தான். தலைமையாசிரியருக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொல்லிக் கேள்வி வரும். எஸ்டேட் மேனேஜருக்கு எழுதிப் பழகிய கை அது. அந்த வாரம் பெய்த மழை, வேலைக்கு வராத ஆள்கள், காபிச் செடியில் விழுந்த தண்டுத் துளைப்பான் பூச்சி, லாரி வராதது எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டுக் கடைசி வரியில் விடுப்புக் கேட்பார். திருத்துகிற ஆசிரியர் பாவம் என்ன செய்வார்.

பரீட்சை நாளை அவர் கொண்டாடின மாதிரி நான் தீபாவளியைக்கூடக் கொண்டாடியதில்லை. புதுப் பேனா வாங்குவார். ரைட்டரம்மா விடிவதற்குள் புளிச்சோறு கட்டிக் கொடுப்பார். முதல் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, சேலத்தில் எழுதிவிட்டு, தள்ளுவண்டியில் தட்டுவடை செட் தின்றுவிட்டு, மனைவிக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் வருவார். இறங்கும்போது முகத்தைப் பார்த்தால் மாநிலத்தில் முதல் என்று தோன்றும்.

ரிசல்ட் கதையை ரைட்டரம்மாவே என்னிடம் சொன்னார். கல்யாணமான புதுசு. மாலைப் பேப்பரில் நம்பர் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் துக்கம் விசாரிக்க வருகிற மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இவரும் அழுதுகொண்டிருந்தார். ரைட்டர் வந்தார், கால் கழுவினார், மணையைப் போட்டு உட்கார்ந்து என்ன குழம்பு என்று கேட்டார். பருப்பு என்றார் இவர். பெயிலாகி வந்திருக்கிற மனுசனுக்குப் பருப்பா என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டாராம். அழுகை நின்றுபோய், பின்பக்கம் போய் ஒரு கோழியைப் பிடித்தார் ரைட்டரம்மா. கால் துண்டு பெயிலானவருக்கு. மறுநாள் காலை அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்ட அவர் கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சடங்கு. ரிசல்ட் நாளில் பயப்பட வேண்டியவை கோழிகள் மட்டும்தான். ஊர் அதற்குப் பெயில் சோறு என்று பெயர் வைத்துச் சிரித்தது. நான் குடிவந்த பிறகு இரண்டொரு முறை எனக்கும் கிடைத்தது. ஈரல் எனக்கு வரும், பௌதிகத்துக்காக.

ஓர் அக்டோபருக்குப் பணம் கட்டிவிட்டுச் செப்டம்பரிலேயே மாரடைப்பில் போய்விட்டார் ரைட்டர். அடக்கப் பூசையில் பங்குச் சாமியார் உருக்கமாகப் பேசினார். காலஞ்சென்ற சகோதரர் கடின உழைப்பாளி, கல்வியில் தீராத தாகம் கொண்டவர், மதுவின் வாடையே அறியாதவர் என்று அடுக்கிக்கொண்டே போனார். முன் பெஞ்சிலிருந்து ரைட்டரம்மா எழுந்தார்.

"அப்படி இல்லீங்க ஃபாதர். சனிக்கிழமையானாக் குடிப்பாருங்க. நொம்ப இல்ல. நாம பொய் சொல்லி அனுப்பிட்டா, அங்க போயி அவருதானுங்க முளிக்கோணும். படிப்பு ஆச மட்டும் நெசமுங்க."

கோயில் முழுக்க ஒரே இருமல். ஃபாதரும் பீடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்சம் இருமினார். ரைட்டரம்மா உட்காரவில்லை. அக்டோபருக்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் பேனாவை ஸ்வெட்டர் பாக்கெட்டிலிருந்து எடுத்து, பெட்டிக்குள் குனிந்து, அவர் சட்டைப் பையில் குத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அறக்கட்டளை யோசனை ரைட்டரம்மாவுடையது இல்லை. அது அவர் கொழுந்தனாருடையது. ஏரிப் பக்கம் லாட்ஜ் வைத்திருந்தார். அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கிற எண்ணம் இருந்தது. எண்ணம் இருக்கிறவர்களுக்கு இறந்த அண்ணன் ஒரு பெரிய உதவி. அண்ணன் பெயரில் கல்வி அறக்கட்டளை, பளிங்கில் ஒரு முகம், முதல் மார்க் எடுத்த பிள்ளைகளுக்குக் கலெக்டர் கையால் பரிசு என்று அவர் திட்டம் வைத்திருந்தார். ரைட்டரம்மா கேட்டுவிட்டுச் சரி என்றார். தங்களுக்கிருந்த துண்டு நிலத்து மிளகை வருசா வருசம் அதற்கே தந்துவிடுவதாகவும் சொன்னார். சவுக்கு மரத்து மிளகுக்கொடியெல்லாம் ரைட்டர் நட்டவை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. கொழுந்தனார் மகிழ்ந்துபோனார்.

அந்த மகிழ்ச்சி பெயர்ப்பலகை எழுதுகிற வரைக்கும் இருந்தது. 'கல்விச் செம்மல்' என்று பெயிண்டர் பென்சிலில் கோடு போட்டிருந்ததைப் பார்த்து ரைட்டரம்மா, அப்படி இல்லீங்க என்றார். அழிக்கச் சொன்னார். கடைசியில் கோயில் ஹால் வாசலில் மாட்டிய பலகை இப்படி இருந்தது: 'ரைட்டர் சூசைமாணிக்கம், எஸ்.எஸ்.எல்.சி. (பெயில்) நினைவுக் கல்வி அறக்கட்டளை.' பார்க்கிறவர்கள் நின்று படித்தார்கள். டூரிஸ்டுகள் போட்டோ எடுத்தார்கள். கொழுந்தனார் சில நாள் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போனார்.

பலகையோடு விட்டாரா என்றால் இல்லை. பரிசு பெயிலான பிள்ளைகளுக்குத்தான் என்று சட்டம் போட்டார். பாஸானவனுக்கு மாலை போட ஊரே இருக்கிறது, பெயிலானவனுக்கு யார் இருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. பெயிலான பிள்ளைக்கு அக்டோபர் பரீட்சைப் பணம், கோயில் ஹாலில் ட்யூஷன், சேலம் போய்வர பஸ் காசு. அதில் பாஸாகிவிட்டால் மேலே பன்னிரண்டாவது வரைக்கும் சேலத்து ஹாஸ்டல் செலவும் அறக்கட்டளையுடையது. ட்யூஷன் எடுக்க என்னைப் பிடித்தார். நான் சம்மதம் சொன்னதாக நினைவில்லை.

உறுப்பினர்களுக்கும் ஒரு தகுதி வைத்தார். ஏதாவது ஒரு பரீட்சையில் பெயிலாகியிருக்க வேண்டும். என்னைக் கேள்வி கேட்காமல் செயலாளராக்கினார். ஃபாதர் நெளிந்துவிட்டு, செமினரியில் லத்தீன் இரண்டு தடவை போனதை ஒப்புக்கொண்டார். தலைவர் ஆனார். கொழுந்தனார் பாடுதான் திண்டாட்டம். முதல் தடவையிலேயே பாஸ் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். பாஸானவருக்கு உள்ளே இடமில்லை என்றதும் ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒன்பதாவதில் ஒரு வருசம் நின்றதைக் காதில் சொன்னார். ரைட்டரம்மா அதைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வைத்தார்.

விசேஷம் என்னவென்றால், ரைட்டரம்மா மட்டும் உறுப்பினர் இல்லை. மூன்றாவதோடு நின்றவர். "பரீச்சையே எளுதாதவ எப்படீங்க பெயிலாவேன்? அதுக்கெல்லாம் ஒரு தகுதி வேணுமில்லீங்களா" என்பார். மிளகைக் கொடுத்தது அவர், சட்டம் போட்டது அவர், எங்களை ஆட்டிவைத்தது அவர். பலகையில் எங்கள் பெயர்கள் கீழே சின்ன எழுத்தில் இருந்தன. அவர் பெயர் இல்லை. அதில் அவருக்கு ஒரு மெல்லிய வருத்தம்கூட இருந்தது என்று நினைக்கிறேன். பலகையைக் கடக்கும்போதெல்லாம் முந்தானையால் அந்தக் கீழ்வரிசையைத் துடைத்துவிட்டுப் போவார்.

ரிசல்ட் நாளில் அவரைப் பார்க்க வேண்டும். கோடை சீசன், பஸ் ஸ்டாண்டு முழுக்க டூரிஸ்டு கூட்டம். சேலத்திலிருந்து மாலைப் பேப்பர் ஏறி வருகிற பஸ்ஸுக்காகப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். ரைட்டரம்மா குடையோடு ஓரமாக நிற்பார். பேப்பரைப் பார்க்கவே மாட்டார், முகங்களைத்தான் பார்ப்பார். நம்பர் கிடைத்த பிள்ளை கத்தும். கிடைக்காத பிள்ளை பேப்பரை மறுபடியும் முதலிலிருந்து தேடும். அதன் கையைப் போய்ப் பிடிப்பார். "வா கண்ணு, கோழி வெந்துருச்சு."

அவர் வீட்டுக் கூடத்தில் இலை போட்டிருக்கும். ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் கரண்டியோடு நின்று, "எதுல போச்சு?" என்று கேட்பார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னால் குழம்பு விழாது. நிமிர்ந்து, கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். இங்கிலீசுங்க. சயின்ஸுங்க. மூணு பாடமுங்க. மூன்று பாடம் என்றால் துண்டு ஒன்று கூடுதல். முதலில் அழுகிற மாதிரி சொல்லிக்கொண்டு வருவார்கள், நாலாவது இலைக்குள் சிரிப்பு வந்துவிடும். மகனை அடிக்க பெல்ட்டோடு வந்த ஓர் அப்பாவையும் பிடித்து உட்காரவைத்து, நீங்க எதுலீங்க என்று கேட்டார். அந்த மனிதர் பெல்ட்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, ஐந்தாவதில் தமிழ் என்றார்.

இதைக் கேலியாகவே சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் ஒரு வருசம் ஒரு பையன் கூட்டத்தில் எங்கள் கையில் சிக்காமல் நழுவிவிட்டான். கரடியூர்ப் பையன். அந்த ஊர்ப் பக்கம் ஒரு பாறை முனை இருக்கிறது, டூரிஸ்டுகள் நின்று போட்டோ எடுக்கிற இடம். ரிசல்ட் நாளில் அதன் பெயரைக் கேட்டால் மலைக்காரர்கள் தங்கள் பிள்ளை எங்கே என்று தேடிக்கொண்டு ஓடுவார்கள். ரைட்டரம்மா டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார்.

பையன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். ரைட்டரம்மா அவன் கிட்டே போகவில்லை. கொஞ்சம் தள்ளிப் பாறையில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தார். முட்டி வலியைத் திட்டினார், என் ஸ்கூட்டரைத் திட்டினார். பிறகு, யாருக்கோ சொல்கிற மாதிரி, ரைட்டர் எழுதின விடுப்பு விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மழை அளவு வரைக்கும் பையன் அசையவில்லை. தண்டுத் துளைப்பான் வந்ததும் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று நான் எழுந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தான். "காலுத் துண்டு ஆறுது சாமி, இங்க வா" என்றார் ரைட்டரம்மா. வந்தான். அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவனுக்கும் பாறை விளிம்புக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். பெயிலாவதைக் கொண்டாடுகிற கிறுக்கு என்று அந்த அம்மாவை அதற்கப்புறம் யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அதற்கு இரண்டு வருசம் கழித்துத்தான் ராசாத்தி வந்தாள். மாரமங்கலத்துப் பெண். இறுக்கிப் பின்னிய சடை, மெலிந்த கை. அவளை யாரும் பஸ் ஸ்டாண்டிலிருந்து பிடித்து வரவில்லை. தானாகவே நேரே வந்து இலையில் உட்கார்ந்துவிட்டாள். எதுல போச்சு என்று ரைட்டரம்மா கேட்டதும் நன்றாக நிமிர்ந்து, "கணக்குலீங்க" என்றாள்.

பக்கத்து இலையில் அவள் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு அடக்க முடியவில்லை. "கணக்குலயா? எங்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் குடுத்ததே இவதானுங்கம்மா."

டுடோரியல்காரனுக்கு உள்ள அரிப்பில் நான் ஒரு கணக்கைச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும் முன் விடை வந்தது. ராசாத்தி இலையைப் பார்த்துக்கொண்டு, வெறும் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

"ஏன் கண்ணு?" என்றார் ரைட்டரம்மா.

"பாஸாயிட்டா பத்தாவது போதும்னு அப்பா எஸ்டேட்டு வேலைக்கு அனுப்பிருவாருங்க. மேஸ்திரிகிட்டச் சொல்லி வெச்சுட்டாரு. பெயிலானாத்தான் நீங்க கூப்பிட்டுப் படிக்க வெப்பீங்கன்னு சொன்னாங்க. பாஸானா நீங்க பாக்க மாட்டீங்களேம்மா."

நான் அந்த இரண்டு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு ராசாத்தியின் இலையில் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். எல்லோரும் போனபின் இவர் சாப்பிடவில்லை. அவ சொன்னதுல பொய்யே இல்லீங்களே சார் என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

ஊருக்கு இது பலாப்பழத்தைவிட இனிப்பாக இருந்தது. நன்றாகப் படிக்கிற பெண்ணை அறக்கட்டளை வைத்துப் பெயிலாக்கிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசினார்கள். கொழுந்தனார் தன் லாட்ஜின் சாப்பாட்டு ஹாலில் அவசரக் கூட்டம் போட்டார். காலர் மடிப்புக் கலையாத சட்டை. பலகையில் அடைப்புக்குறியை எடுக்க வேண்டும், இனிமேல் முதல் மார்க் பிள்ளைகளுக்கு மட்டும்தான் உதவி, ஏமாற்றி உள்ளே வந்த பெண்ணுக்கு ஒரு பைசாவும் கிடையாது என்று மூன்று தீர்மானம் வைத்திருந்தார். ராசாத்தியின் அப்பா கதவோரம் நின்றிருந்தார். தீர்மானம் எப்படிப் போகிறதோ அதைப் பார்த்து மறுநாள் பெண்ணை எஸ்டேட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணனைப் பாத்து ஊரே சிரிக்குதுங்க அண்ணி," என்றார் கொழுந்தனார். "இப்பப் படிக்கிற புள்ளயக்கூட நாமளே தோக்க வெச்சுட்டோம்."

எல்லோரும் ரைட்டரம்மாவைப் பார்த்தோம். உறுப்பினராக இல்லாததால் அவர் வழக்கம்போல் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஃபாதர்கூடக் கண்ணை மூடிக்கொண்டு தயாரானார்.

"நெசந்தானுங்க," என்றார் ரைட்டரம்மா.

கொழுந்தனாருக்கே நம்பிக்கை வரவில்லை. ரைட்டரம்மா எழுந்து ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ரைட்டரு அத்தன தடவ தோத்தாருங்க. ஒருக்காக்கூட வேணும்னு தோக்கல. இந்தத் தடவ பாஸாயிருவோம்னு நெனச்சுத்தான் ஒவ்வொருக்காவும் பேனா வாங்குனாரு. நான் அத மறந்துபோட்டு, தோத்தாத்தான் சோறுன்னு சட்டம் போட்டுட்டனுங்க. புள்ள மேல தப்பில்ல. பெயிலானது நானுங்க."

அப்படியானால் பலகையை மாற்றிவிடலாம்தானே என்று கொழுந்தனார் அவசரமாகக் கேட்டார். மாத்தோணுமுங்க, பெயிண்டரக் கூப்புடுங்க என்றார் இவர். ஒரு வருத்தமும் இல்லாத குரல். எனக்கு வருத்தமாக இருந்தது. ரைட்டரை அன்றைக்குத்தான் இரண்டாவது தடவையாகப் புதைக்கிறோம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் கொழுந்தனாரே பெயிண்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். பனி கலையவில்லை. பெயிண்டர் ஏணியில் ஏறி, அடைப்புக்குறியை அழிக்கத் துணியை நனைத்தார். ரைட்டரம்மா கீழே நின்று, அதில்லீங்க, கீழ, நம்ம ஆளுங்க பேரு இருக்கற வரிசையில என்றார். பெயிண்டர் இவர் சொல்லச் சொல்ல எழுதினார். 'உறுப்பினர்: ரைட்டரம்மா (பெயில்).'

எந்தப் பரீட்சையில் பெயில் என்று கேட்டார் கொழுந்தனார். நான் வெச்ச பரீச்சையிலதானுங்க என்றார் ரைட்டரம்மா. ஒன்பதாவதில் நின்றதைத் தகுதியாகக் காட்டி உள்ளே வந்தவர், இதை எப்படி மறுப்பார்? முந்தின நாள் ஓட்டுக்கு விடாமல் நின்றுபோன தீர்மானங்களை அன்று மாலையே திருத்தி ஓட்டுக்கு விட்டோம். ரைட்டரம்மாவுக்கு முதல் தடவையாக ஓட்டு இருந்தது. படிக்க வேண்டும் என்று வருகிற பிள்ளை பாஸோ பெயிலோ, அறக்கட்டளை எடுத்துக்கொள்ளும். கோழி மட்டும் பெயிலானவர்களுக்கு. ஃபாதர் கையைத் தூக்கினார், நான் தூக்கினேன். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால் கொழுந்தனாரும் தூக்கினார். ராசாத்தி அக்டோபரில் கணக்கை எழுத வேண்டும், பிறகு அவளுக்குச் சேலத்து ஹாஸ்டல். அவள் அப்பா, பெண் வேலைக்கு வரமாட்டாள் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டு மாரமங்கலம் பஸ்ஸுக்கு ஓடினார்.

அக்டோபரில் அவள் வாங்கின மார்க்கைப் பற்றி ஊரில் நிறையப் பேசினார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது அதற்கு வெகு முன்னால் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் முடிந்த அதே வாரம். பூசை முடிந்து வந்து ரைட்டரம்மா ஒரு கோழியைப் பிடித்தார். ரிசல்ட் ஒன்றும் இல்லையே, யாருக்கு என்று கேட்டேன். மத்தியானம் கூடத்தில் இலை போட்டார். ஃபாதர் வந்தார், கொழுந்தனார் வந்தார். ராசாத்தியும் அவள் அப்பாவும் வந்தார்கள். எப்போதும் கரண்டியோடு நிற்கிறவர் அன்று ரைட்டரின் மணையைப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார். அந்த மணையில் அதற்கு முன் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யார் பரிமாறுவது என்று தெரியாமல் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

ராசாத்தி எழுந்து போய்ச் சட்டியையும் கரண்டியையும் எடுத்து வந்தாள். ரைட்டரம்மாவின் இலைக்கு முன்னால் நின்றாள். ஊற்றவில்லை.

"எதுல போச்சுங்கம்மா?"

ரைட்டரம்மா தலையைக் குனிந்திருந்தார். பிறகு முகத்தை ஸ்வெட்டர் கையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"உன்ற விசயத்துல போச்சு கண்ணு. அக்டோபர்ல ரெண்டு பேருஞ் சேந்து எளுதிக்கலாம். அந்தக் காலுத் துண்ட இங்க வெய்யி."